பாஸான வண்டியா, திருப்பி அனுப்பப்பட்ட வண்டியா?

கேள்வி: ஐயா, எனக்கு 24 வயது. ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது. ஷிப்ட் வேலை, பஸ்ஸை நம்ப முடியாது. போக வர தினமும் 70 கிலோமீட்டர். கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. இரண்டு வண்டி பார்த்திருக்கிறேன், இரண்டும் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ். ஒன்று மதுரையில் பழைய வண்டி விற்கும் ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில் நிற்கிறது. 2008 நவம்பர் வண்டி, நாலு கை மாறியது, மீட்டர் 38,000. 2023-ல் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஆர்சியை (பதிவுச் சான்று) 2028 வரை புதுப்பித்திருக்கிறார்கள். புது பெயிண்ட், புது சீட். விலை 28,000. இன்னொன்று பக்கத்து ஊரில் கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருடையது. 2011 மார்ச் வண்டி, அவர் ஒருவரே ஓட்டியது, மீட்டர் 46,000. வருகிற மார்ச்சோடு 15 வருடம் முடிவதால் புதுப்பிக்கக் கொண்டுபோயிருக்கிறார். பின் பிரேக், பின் டயர், ஒரு இண்டிகேட்டர், சைலன்சரில் ஓட்டை என்று நாலு குறை சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "எனக்கெதுக்கப்பா இந்த அலைச்சல்" என்று 16,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். எஃப்சியில் பாஸான வண்டியை வாங்குவதுதானே நல்லது? ஃபெயிலான வண்டி ராத்திரியில் நடுரோட்டில் காலை வாரிவிடாதா?

பதில்: தம்பி, கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் திருப்பி அனுப்பப்பட்ட வண்டியைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். வாங்குவேன் என்று சொல்லவில்லை, பார்ப்பேன். கன்சல்டிங் வண்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அது அங்கேயேதான் நிற்கும்.

எஃப்சி என்று நாம் வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோம். லாரி, பஸ், ஆட்டோவுக்குத்தான் எஃப்சி. சொந்த உபயோக டூவீலருக்கு நடப்பது பதிவுப் புதுப்பிப்பு. முதல் பதிவு 15 வருடம் செல்லும். அதற்கு மேல் ஐந்தைந்து வருடமாக நீட்ட வேண்டும், நீட்டும் முன் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்க்க வேண்டும். நம்மூரில் அவரை பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள். அவர் என்ன பார்க்கிறார் என்பது அந்தப் பேரிலேயே பாதி இருக்கிறது.

ஹேண்டில் கழுத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரிண்ட்டை ஆர்சியோடு ஒப்பிடுவார். ஹாரன் அடி என்பார், பிரேக் பிடி என்பார். லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, நம்பர் பிளேட், டயர், பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி, சேலை கார்டு. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், வரிசையில் பின்னால் இன்னும் வண்டிகள் நிற்கும். அவர் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டுதான்: இது அதே வண்டிதானா, இதை ரோட்டில் விட்டால் யாருக்காவது ஆபத்தா. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறதா, இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறதா, ராத்திரி ரெண்டு மணிக்கு சிந்துபட்டி தாண்டி நின்றுவிடுமா என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது. வரவும் தேவையில்லை. நின்றுபோன வண்டியால் ஊராருக்கு ஆபத்து இல்லை, உங்களுக்குத்தான் கஷ்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொஞ்சம் வெட்கமான விஷயம். நான் தொழில் கற்ற பட்டறையில் இரண்டு நல்ல டயரை ரிம்மோடு சேர்த்துப் பரணில் வைத்திருப்போம். எஃப்சிக்கு என்று வண்டி வந்தால் அதை இறக்கி மாட்டுவோம். ஆய்வு முடிந்து சாயங்காலம் வண்டி திரும்பும், பழைய டயரை மாட்டிவிட்டு நல்லதைப் பரணில் ஏற்றிவிடுவோம். அதற்குத் தனிக் கூலி. ஒருமுறை அப்படிப் பாஸான ஒரு வண்டி மறுநாள் ஆண்டிபட்டி கணவாய் இறக்கத்தில் பின் டயர் வெடித்துச் சறுக்கிவிட்டது. ஓட்டியவருக்கு முழங்கை எலும்பு முறிந்தது. அதற்கப்புறம் எங்கள் முதலாளி அந்த டயர்களை விற்றுவிட்டார். ஆனால் ஊரில் எல்லாப் பட்டறைப் பரணும் காலியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆக, 2023-ல் பாஸானது என்றால் 2023-ல் ஒரு நாள் காலையில் அந்த வண்டியில் பிரேக் பிடித்தது, விளக்கு எரிந்தது, டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேடுகள்) இருந்தது. அவ்வளவுதான் அதில் தெரிகிறது. அதற்கப்புறம் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, யார் ஓட்டினார் என்பது அந்த ஆர்சியில் இல்லை. பெரியவர் வண்டியின் கதை வேறு. அதை ஒருவர் இப்போதுதான் பார்த்து, என்னென்ன சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். விற்பவரும் அதை மறைக்காமல் உங்களிடம் ஒப்பித்திருக்கிறார். பழைய வண்டி வாங்குபவனுக்கு இது லேசில் கிடைக்காது.

இப்போது அந்த நாலு குறையைப் பார்ப்போம்.

இண்டிகேட்டரை விட்டுவிடுங்கள். பல்பு, இல்லையென்றால் வயர், இல்லையென்றால் ஸ்விட்ச். அரை மணி நேர வேலை.

பின் பிரேக் டிரம் பிரேக். பிரேக் பிளேட்டின் வெளிப்பக்கம், பிரேக் ராடு வந்து சேரும் இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக மிதித்தபடி பாருங்கள். பிளேட்டில் உள்ள அடையாளக் கோட்டை அம்புக்குறி தொட்டுவிட்டால் பிரேக் ஷூ முடிந்தது என்று அர்த்தம். ஷூ மாற்றினால் 300, 400 ரூபாயில் தீரும். வீலைக் கழற்றும்போது டிரம்மின் உள் சுவரில் நகத்தால் வருடிப் பாருங்கள். ஓரத்தில் படிக்கட்டு மாதிரி தடுக்கினால் டிரம்மும் தேய்ந்திருக்கிறது, அப்போது செலவு ஏறும். 46,000 கிலோமீட்டரில் அப்படித் தேய வாய்ப்பு குறைவு. நிறைய நாள் நின்ற வண்டிகளில் ஷூ தேயாமலே கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிடும், கேம் துருவேறி இறுகிவிடும். பிடிமானம் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். பிரேக் விஷயத்தில் நான் எப்போதும் ஒரு கணக்குச் சொல்வேன். 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் எட்டு மீட்டருக்கு மேல் போய்விடும். 60-ல் போனால் அதைப்போல இரண்டு மடங்கு. எதிரே ஆடு குறுக்கே வந்ததைப் பார்த்து உங்கள் கால் பிரேக்குக்குப் போகும் முன்பே அந்தத் தூரம் காலி. பிரேக் வேலை செய்வது அதற்கப்புறம்தான்.

டயருக்கு வருவோம். சட்டப்படி டூவீலர் டயரில் பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பெரியவர் டயர் தேய்ந்து ஃபெயிலானதா, வெடிப்பு விட்டு ஃபெயிலானதா என்று கேளுங்கள். டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 1417 என்றிருந்தால் 2017-ஆம் வருடம் 14-ஆவது வாரம் தயாரானது. குறைவாக ஓடும் வண்டியில் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும், நம்மூர் வெயில் சும்மா விடாது. பக்கவாட்டில் வயல் வெடிப்பு மாதிரி கோடு விட்டிருந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். டியூபோடு சேர்த்து 2,000 ரூபாய்க்கு முன்பின் ஆகும். பின்னால் மாற்றும்போது முன் டயரின் எண்ணையும் பார்த்துவிடுங்கள். இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை என்பதற்காக அது புதுசு ஆகிவிடாது.

நாலாவது, சைலன்சர் ஓட்டை. இதைத்தான் நான் ரொம்ப நேரம் யோசித்தேன். நாலில் அதிக விவரம் சொல்வது இதுதான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. நம்ப முடியாது, ஆனால் உண்மை. மார்கழிக் காலையில் வண்டியைக் கிளப்பினால் சைலன்சர் வாயில் சொட்டு விழுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். வண்டி தொடர்ந்து 20, 30 கிலோமீட்டர் ஓடினால் சைலன்சர் நன்றாகச் சூடேறி அந்தத் தண்ணீர் முழுவதும் ஆவியாகவே வெளியேறிவிடும். பால் வாங்க, கடைத்தெருவுக்கு, கோயிலுக்கு என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் சைலன்சரின் அடியில் தண்ணீர் தங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே நிக்கல் பளபளக்கும், உள்ளே சல்லடையாகிக்கொண்டிருக்கும். ஒருநாள் அடியில் பொத்தென்று ஓட்டை விழும்.

46,000 கிலோமீட்டரை 15 வருடத்துக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு எட்டரை கிலோமீட்டர். வீட்டிலிருந்து சங்கத்துக்குப் போக வர, சாயங்காலம் டீக்கடை. மீட்டர் சொல்வதும் சைலன்சர் சொல்வதும் ஒத்துப்போகின்றன. மீட்டரைத் திருத்தலாம், சைலன்சரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்க யாரும் மெனக்கெடமாட்டார்கள்.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் உண்டு. சைலன்சருக்குள் தங்கிய அதே ஈரம் இன்ஜின் ஆயிலுக்குள்ளும் போயிருக்கும். அதனால் நீங்கள் போய்ப் பார்க்கும்போது முதல் வேலையாக ஆயில் மூடியைத் திருகி எடுங்கள். மூடியின் அடிப்பக்கத்தில் மோர் கடைந்த நுரை மாதிரி வெளுப்பாக ஒட்டியிருந்தால் ஈரம் சேர்ந்திருக்கிறது. அது ஒன்றும் சாவுச் செய்தி இல்லை. ஆயிலை வடித்து, வலது பக்க மூடியைக் கழற்றி ஆயில் வடிகட்டியையும் அதோடு சுற்றும் ஃபில்டரையும் கழுவி, புது ஆயில் ஊற்றி, 500 கிலோமீட்டரில் மறுபடி ஒருமுறை மாற்றினால் சரியாகிவிடும். பல பட்டறைகளில் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு அந்த மூடியைக் கழற்றுவதே இல்லை. நீங்கள் பக்கத்தில் நின்று கழற்றச் சொல்லுங்கள். அப்புறம் முதலில் திருகி எடுத்த ஆயில் மூடியோடு வரும் குச்சியில் இருக்கும் ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து வெயிலில் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பழைய ஆயில், பரவாயில்லை. ஜிகினாத் தூள் மாதிரி மினுமினுத்தால் உள்ளே ஏதோ அரைபடுகிறது, அந்த வண்டியை விட்டு வந்துவிடுங்கள். யாருடைய வண்டியாக இருந்தாலும்.

கன்சல்டிங் வண்டியின் மீட்டருக்கு வருவோம். 38,000-ஐ 17 வருடத்துக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு ஆறு கிலோமீட்டர். ஒரு ஆள் என்றால் நம்பலாம். நாலு பேர் கை மாறியும் நாலு பேரும் நாளுக்கு ஆறு கிலோமீட்டர்தான் ஓட்டினார்களா? செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்குபவன் ஓட்டத்தானே வாங்குகிறான்? உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள், தினமும் 70. அந்த மீட்டர் முன் சக்கரத்திலிருந்து வரும் ஒரு கேபிளில் ஓடுவது. கேபிள் அறுந்தால் மீட்டர் நிற்கும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். திருத்தினார்கள் என்று நான் குற்றம் சொல்லவில்லை. வண்டியைப் பார்க்கப் போகும்போது மீட்டரைப் பார்க்காமல் கால் வைக்கிற ரப்பர்களைப் பாருங்கள், கியர் லீவரையும் கிக்கர் ரப்பரையும் பாருங்கள். கிக்கர் ரப்பர் வழித்தெடுத்த மாதிரி மொட்டையாக இருந்து மீட்டர் 38,000 காட்டினால், ரப்பரை நம்புங்கள். எல்லா ரப்பரும் புதுசாக இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். புது பெயிண்ட்டும் அப்படித்தான். பெயிண்ட் அடித்தவர் ஸ்டாண்டு மாட்டும் இடத்து வெல்டிங், சீட்டுக்கு அடியில் உள்ள சேஸிஸ் குழாய் இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு அடித்தாரா, பார்க்கக் கூடாது என்று அடித்தாரா என்பது பெயிண்ட்டுக்கு மேலே தெரியாது.

இரண்டு பேரிடமும் புகைச் சான்று கேளுங்கள். எல்லோரும் அதை போலீஸுக்குக் காட்டும் தாளாகவே நினைக்கிறார்கள். எனக்கு அது ரத்தப் பரிசோதனை மாதிரி. அதில் இரண்டு எண் இருக்கும். இந்த மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள்ளும் ஹைட்ரோகார்பன் 4,500 பிபிஎம்முக்குள்ளும் இருக்க வேண்டும். முதல் எண் மட்டும் ஏறியிருந்தால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது கார்பரேட்டர் பெட்ரோலை அதிகமாக விடுகிறது. சின்ன வேலை. இரண்டாவது எண் எல்லையை ஒட்டி நின்றால் பெட்ரோல் சரியாக எரியவில்லை, அல்லது ஆயில் சேர்ந்து எரிகிறது. அங்கேதான் இன்ஜின் வேலை எட்டிப்பார்க்கிறது. பழைய சான்றுகள் இருந்தால் வரிசையாக வைத்து அந்த எண் வருடா வருடம் எப்படி நகர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்தவர் என்கிறீர்கள், ரசீதையெல்லாம் ஃபைல் போட்டு வைத்திருப்பார். ஆனால் சைலன்சருக்குள் குழாயை விடாமலே தாள் அடித்துக் கொடுக்கும் இடங்களும் உண்டு. அதனால் வாங்கும் முன் நீங்களே ஒருமுறை கூட நின்று எடுங்கள். சைலன்சரில் ஓட்டை இருக்கும்போது எடுத்தால் வெளிக்காற்று கலந்து எண் பொய் சொல்லும், அதை மாற்றிவிட்டு எடுக்க வேண்டும்.

வண்டியைப் பார்க்கக் காலையில் ஏழு மணிக்கு முன்னால் போங்கள். போனவுடன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இன்ஜினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே கிளப்பிப் பார்த்திருக்கிறார்கள், ஏன் என்று யோசியுங்கள். சில்லென்று இருந்தால் நீங்களே கிக்கரை உதையுங்கள். செல்ஃப் இருந்தாலும் கிக்கர்தான். சோக் போட்டு மூன்று நாலு உதையில் கிளம்பினால் நல்லது. கிளம்பியவுடன் பின்னால் பாருங்கள். வெள்ளையாக வந்து ஒரு நிமிடத்தில் மறைவது தண்ணீர் ஆவி. முதல் அரை நிமிடம் மட்டும் நீலமாக வந்தால் வால்வு சீல் கெட்டு ராத்திரி முழுக்க ஆயில் கசிந்திருக்கிறது, ஹெட்டோடு முடியும் வேலை. ஓட்டிப் பார்க்கும்போது ஆக்சிலேட்டர் முறுக்குகிற ஒவ்வொரு தடவையும் நீலம் வந்தால் ரிங், பிஸ்டன், சிலிண்டர் போர் என்று போகும். அதற்கு உங்கள் 30,000-ல் இடமில்லை. காதை இடது பக்கம் வையுங்கள். ஐடிலிங்கில் சங்கிலிப் பையைக் குலுக்குகிற மாதிரி சத்தம் வந்தால் டைமிங் செயின். டிக்டிக் என்று சீரான சத்தம் டேப்பெட்டாக இருக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். சத்தமே இல்லாத ஸ்பிளெண்டரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அப்புறம் நடு ஸ்டாண்டு போட்டு, ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நேர்ப்பாதையில் வரும்போது பள்ளத்தில் விழுந்த மாதிரி டக்கென்று உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில் கழுத்துப் பேரிங்) போய்விட்டது. பின் சக்கரத்தை இரு பக்கமும் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் அல்லது பேரிங் போயிருக்கிறது. செயினைப் பின் பல்சக்கரத்தின் பின்பக்கத்தில் பிடித்து இழுங்கள். பல்லை விட்டுப் பாதி உயரத்துக்கு மேல் வெளியே வந்தால் செயின் செட்டை மாற்ற வேண்டும். பல் அரிவாள் மாதிரி வளைந்திருந்தால் இழுத்துப் பார்க்கவே வேண்டாம். இவை எதுவும் வண்டியை வேண்டாம் என்று சொல்லக் காரணம் இல்லை, விலையைக் குறைக்கக் காரணம்.

பேப்பர் விஷயம். 15 வருடம் ஆனால் வண்டியை நசுக்கிவிடுவார்களாம் என்று டீக்கடையில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது டெல்லியில் பெட்ரோல் வண்டிக்கு 15, டீசல் வண்டிக்கு 10 என்று வந்த கட்டுப்பாடு. மதுரையில் வண்டி தகுதியாக இருந்தால் புதுப்பிக்கலாம். பதிவு முடிவதற்கு 60 நாளைக்கு முன்பிருந்தே படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். பைக்குக்குக் கட்டணம் 1,000 ரூபாய், 2022 ஏப்ரலிலிருந்து. தாமதமானால் மாதத்துக்கு 300. கூடவே பசுமை வரி கட்ட வேண்டும். 20 வயது தாண்டிய பைக்குக்குக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ஆக்கிவிட்டார்கள். இதை உங்கள் இரண்டு வண்டிக்கும் போட்டுப் பாருங்கள். பெரியவர் வண்டியை இப்போது 1,000 கட்டிப் புதுப்பித்தால் 2031 மார்ச் வரை கவலையில்லை. கன்சல்டிங் வண்டிக்கு 2028 நவம்பரில் 20 வயது முடிகிறது. அப்போது 2,000 கட்டி, மறுபடி அதே வரிசையில் நிற்க வேண்டும். பாஸான வண்டி என்று நீங்கள் நினைப்பதன் ஆயுள் இன்னும் மூன்று வருடம்கூட இல்லை.

பெரியவரிடம் பேசும்போது ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். புதுப்பிப்பு அவர் பெயரிலேயே நடக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பெயர் மாற்றம். பதிவு முடிந்த வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு அவர் கையெழுத்துக்கு நீங்கள் அலையக் கூடாது. என் யோசனை இது: 2,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நாலு குறையையும் உங்கள் செலவில் உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கிடம் சரிசெய்யுங்கள், அந்தச் செலவைக் காட்டி விலையைக் குறைத்துப் பேசுங்கள். அவர் கூட வந்து ஆய்வில் காட்டட்டும். அலைச்சல்தான் அவருக்குப் பிரச்சினை, வண்டியில்லை. ஓட்டிக் கொண்டுபோவது நீங்கள் என்றால் ஒத்துக்கொள்வார். பாஸானதும் படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, மீதிப் பணத்தைக் கொடுங்கள். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டுவிடுங்கள். எந்த வண்டியாக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டு, பதிவு எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கி ஏதும் பதிவாகியிருக்கிறதா, அபராதம் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கன்சல்டிங்கில் வாங்கினால் இன்னும் கவனம். ஆர்சியில் இருப்பவர் ஒருவர், கையில் இருக்கும் கையெழுத்துப் போட்ட காலிப் படிவம் இன்னொருவருடையது என்ற கதையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன், தோராயமாகத்தான். பிரேக் ஷூ, டயர் டியூப், இண்டிகேட்டர், கம்பெனி சைலன்சர் எல்லாம் சேர்த்து 5,000-க்கு முன்பின். ஓட்டைக்கு கேஸ் வெல்டிங் வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். உள்ளே முழுக்கத் துருவாக இருக்கிறது, ஒட்டு மூன்று மாதம் தாங்காது. சத்தம் போடும் சைலன்சரை மாட்டினாலோ இன்ஸ்பெக்டர் மறுபடி திருப்புவார். அதற்கு மேல் உங்கள் 70 கிலோமீட்டருக்காக நான் போடச் சொல்வது: செயின் செட், பிளக், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஆயில் வேலை, கார்பரேட்டர் சர்வீஸ். 3,500 வைத்துக்கொள்ளுங்கள். 14,000-த்தைச் சுற்றி விலை படிந்தால் எல்லாம் முடித்தும் கையில் சில ஆயிரம் மிஞ்சும். 28,000 கொடுத்து வாங்கினால் மிச்சம் 2,000. அதற்கு ஒரு டயர்தான் வரும்.

கார்பரேட்டர் என்று சொன்னேனே, அதில் பெட்ரோல் குழாயையும் சேர்த்து மாற்றுங்கள். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2011-ல் செய்த வண்டியின் ரப்பர் குழாயும் ஓ ரிங்கும் அதை நினைத்துச் செய்தவை இல்லை. உப்பும், பிசுபிசுக்கும், கசியும். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். டேங்க்கின் அடியில் பத்து வருடமாகப் படிந்து கிடந்த அழுக்கையும் துருவையும் கிளப்பிக் கொண்டுவந்து கார்பரேட்டர் ஜெட்டில் அடைக்கும். நின்று நின்று ஓடிய வண்டியில் இது நடக்க வாய்ப்பு அதிகம், முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே நடக்கலாம். அப்போது ஃபெயிலான வண்டி புத்தியைக் காட்டிவிட்டது என்று நினைக்காதீர்கள். டேங்க்கை இறக்கிக் கழுவி, பெட்ரோல் காக்கைச் சுத்தம் செய்துவிட்டால் தீரும். மைலேஜும் கொஞ்சம் குறையும், அதற்கு எந்த மெக்கானிக்கும் ஒன்றும் செய்ய முடியாது.

மாதம் 26 நாள் வேலை என்றால் 1,800 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டப்போகிறீர்கள். பெரியவர் ஏழு மாதத்தில் ஓட்டியதை நீங்கள் ஒரு மாதத்தில் ஓட்டுவீர்கள். ஆயிலை 3,000-க்கு ஒருமுறை மாற்றுங்கள், அதாவது ஐம்பது நாளுக்கு ஒருமுறை. செயினுக்கு வாரம் ஒருமுறை ஆயில், ரொம்ப இறுகவும் கூடாது, தொங்கவும் கூடாது. பின் டயரில் தனியாகப் போகும்போது காற்று 28, ஆள் ஏற்றினால் 40, முன்னால் 25. ராத்திரி ஷிப்ட்டுக்கு ஹெட்லைட் முக்கியம். இந்த வண்டியில் ஆக்சிலேட்டரைக் குறைத்தால் லைட் மங்கும், அது குறையில்லை, அமைப்பே அப்படி. வெளிச்சம் போதவில்லை என்று பெரிய பல்பு போட்டு வயரிங்கைக் கருக்கிவிடாதீர்கள். லைட்டின் உள் கண்ணாடி மங்கியிருந்தால் அதை மாற்றினாலே பாதி வெளிச்சம் திரும்பும்.

கிளட்ச் கேபிள் மாற்றும்போது இரண்டாக வாங்குங்கள். ஒன்றை மாட்டி, இன்னொன்றை அதன் பக்கத்திலேயே இரண்டு நுனியையும் டேப் சுற்றி இழுத்துக் கட்டி வைத்துவிடச் சொல்லுங்கள். நடுராத்திரியில் அறுந்தால் டேங்க்கைத் தூக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டு கிளம்பலாம். பிளக் ஒன்று, பிளக் ஸ்பேனர், ஒரு டார்ச், இவை பக்கப் பெட்டியில் இருக்கட்டும்.

போய்ப் பார்த்துவிட்டு, ஆயில் மூடியின் அடிப்பக்கத்தையும் இரண்டு டயரிலும் உள்ள நாலு இலக்க எண்ணையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். விலை பேசும் முன் அனுப்பினால் நல்லது.